ஐந்து கடலைக்குக் குறைந்தால்

மழைக்காலத்துக்குப் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று, அணில் மூன்று கடலையைப் பெருச்சாளியின் வளையில் போட்டு வைத்தது. இருப்பு ஐந்துக்குக் குறைந்தால் மாதம் ஒரு கடலை அபராதமாம். மூன்றே மாதத்தில் மூன்றும் போயிற்று.

“இல்லாதவகிட்டயே இல்லேன்னு பிடுங்குவீங்களோ?” என்று அணில் வழக்குப் போட்டது. நீதிபதி ஆமை சாவகாசமாக நான்கு மாதம் விசாரித்து, பிடித்த மூன்றையும் திருப்பித் தரச் சொன்னது.

அணில் வளைக்கு ஓடியது. “என் கடலையை எடுங்க அண்ணாச்சி.”

“உன் கணக்குலயே போட்டாச்சு தாயி,” என்றது பெருச்சாளி, மென்றுகொண்டே. “வழக்கு நடந்த நாலு மாசமும் உன் இருப்பு ஐந்து இல்லையே. தீர்ப்புல பழசைத்தானே திருப்பச் சொன்னாங்க? மூணைக் கழிச்சுட்டேன். இன்னும் ஒண்ணு நீதான் தரணும்.”