போஞ்சித் தோட்டத்து ஆடு

ஆடு தானாக வரவில்லை. எதிர் லயத்து வரிசை வீட்டு இராசமணிதான் அதை அவிழ்த்து, நல்லையா வீட்டுப் போஞ்சி அவரைப் பாத்திக்குள் தள்ளி விட்டாள். கிருஷ்ணராஜ் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

கொழும்பிலிருந்து லீவில் முதல்நாள்தான் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தான். வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவனுக்கு நுரை வாயிலேயே நின்றுவிட்டது.

அதற்குள் அவன் அப்பா நல்லையா கம்போடு வெளியே பாய்ந்தார்.

"ஏய் இராசமணி! ஆடு வளக்குறியா, இல்ல ஆனை வளக்குறியா? போஞ்சி பூராத்தையும் தின்னுருச்சு பாரு!"

"வாயில்லாத சீவன் நாலு எலை தின்னா கொறஞ்சா போயிருவீங்க? வேலையை விட்டு வந்தும் இன்னும் கங்காணின்னு நெனப்பு!"

"நான் கங்காணியா இருந்தப்பவே கொழுந்தோட முத்தின எலையையும் சேத்துப் பறிச்சவதானே நீ!"

சத்தம் எதிர்மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

கிருஷ்ணராஜ் நுரையைத் துப்பிவிட்டு ஓடினான். அப்பாவின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளேயிருந்தே ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றும் பெட்டி. அப்படிப்பட்ட மனுசனையா காலங்காத்தாலே சண்டைக்கு இழுப்பது? போன வருசம் புருசனைப் பறிகொடுத்தவளாயிற்றே, ஒரு உயிரின் அருமை தெரிய வேண்டாமா?

அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போய்ப் படுக்க வைத்தான். கழுத்து வரை போர்வையை இழுத்து விட்டான். பிறகு நேரே எதிர் லயத்துக்குப் போனான்.

"நீங்க அவிழ்த்து விட்டதை நான் பாத்தேன் அத்தை. எங்கப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சும்மா இருக்க மாட்டேன்."

"ஆடுன்னா நாலு எடத்துக்குப் போகத்தான் செய்யும் மருமகனே," என்று இராசமணி வெற்றிலையைக் குதப்பினாள். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே! ம்ஹூம்.

அன்றைக்கே கிருஷ்ணராஜ் மூங்கில் வெட்டிப் பாத்தியைச் சுற்றி வேலி போட்டான். கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாத வேலி. அம்மா ஜெயலெட்சுமி ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ பேசாம இரும்மா. நீ இடம் குடுத்துத்தான் இவ்வளவும்," என்று அவள் வாயை அடைத்துவிட்டான்.

மறுநாள் காலை லயம் அமைதியாக இருந்தது. கிருஷ்ணராஜுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்கு மறுநாளும் அமைதிதான். ஆனால் நல்லையா எழுந்திருக்கவே இல்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். வலது கை, பெட்டி இருந்த இடத்திலேயே ஒட்டிக் கிடந்தது. பக்கத்தில் வைத்த தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

"என்னப்பா செய்யுது?"

"பெட்டி அடிச்சிருமோன்னு இருக்குடா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கிருஷ்ணராஜ் அடுப்படிக்கு ஓடினான். "பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்மா! வேன் பிடிக்கட்டுமா?"

ஜெயலெட்சுமி நகரவில்லை.

"போன மாசம் கிளினிக் போயிட்டுத்தான் வந்தோம். பெட்டி நல்லா இருக்காம். பயந்தான் சீக்காம். எப்பிடியாச்சும் எந்திரிச்சு நடமாட வைங்கன்னு டொக்டர் சொன்னாரு."

"என்ன பயம்?"

"ஒருதடவை பீலித் தண்ணியில குளிக்கிறப்ப அது ஷாக் அடிச்சிருச்சு. அன்னைக்குப் படுத்தவருதான். குளிக்க மாட்டேன்னாரு, கோயிலுக்கு வர மாட்டேன்னாரு. சிரிச்சாக்கூட அடிச்சிருமோன்னு சிரிக்கிறதையும் விட்டுட்டாரு. ஒருநா, இப்பிடிக் கெடக்குறதுக்குப் போய்ச் சேந்திருக்கலாம்னாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீயும் வந்து போர்வைதானே போத்தி விடுவ?"

கிருஷ்ணராஜுக்குச் சுருக்கென்றது.

"அப்பத்தான் இராசமணி ஆடு கயித்தை அத்துக்கிட்டு போஞ்சிக்குள்ள வந்துச்சு. படுத்துக் கெடந்த மனுசன் கம்பைத் தூக்கிக்கிட்டு ஓடினாரு பாரு! வாய் நெறைய ஏசிட்டு வந்து, சோறு போடுன்னாரு. நான் நேரா போயி இராசமணி கையைப் பிடிச்சேன். தினமும் அவிழ்த்து விடு மதினி, போஞ்சி போனா போகுதுன்னேன். ஊரெல்லாம் அவளைத்தான் ஏசுது. ஆனா அவ உண்மையை யாருகிட்டயும் சொல்லல."

கிருஷ்ணராஜ் தலையில் அடித்துக்கொண்டான். வேலியைப் பிரித்தே ஆக வேண்டும். கூரையில் செருகியிருந்த தேயிலை கவ்வாத்து வெட்டும் கத்தியைத் தேடினால், கத்தியைக் காணோம். படுக்கையில் அப்பாவையும் காணோம்.

வெளியே ஓடினான். போஞ்சிப் பாத்தியில், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, நல்லையா வேலியை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! நீங்க ஏன் எந்திரிச்சீங்க?"

"ரெண்டு நாளா இராசமணி வீட்டுல அடுப்புப் புகையே காணோம்டா. சன்னல் வழியா பாத்துக்கிட்டேதான் கெடக்குறேன்." நெற்றியைத் துடைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்கம்மாகிட்ட சொல்லிராத. இராசமணி வேணுமின்னேதான் ஆட்டை அவிழ்த்து விடுறா, எனக்குத் தெரியும். புருசன் போனதுல இருந்து, பாவம், சண்டை போடக்கூட ஆளில்ல. நான் நாலு ஏச்சு ஏசினாத்தான் அவ எந்திரிச்சு அடுப்பையே பத்த வைப்பா!"