ஒரு வள்ளத்துச் சளி

"எங்க, இன்னொரு தடவை இருமு பாப்போம்!"

ஜெபசுதா இப்படிக் கேட்டதும் கயித்தானுக்கு இருமலே மறந்துபோனது. தொண்டையைச் செருமிப் பார்த்தான். வெறும் செருமல்தான் வந்தது.

"மூக்கும் அடைச்சிருக்குக்கா" என்றான், கணீரென்ற குரலில்.

திரேஸ்புரத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவளிடம் இந்தப் பாச்சா பலிக்குமா? சங்கு குளிக்கப் போகும் மச்சாது சம்மாட்டியின் வள்ளத்து ஆட்கள் காலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்து சளி என்கிறார்கள். ஒருத்தனுக்காவது மூக்கு ஒழுக வேண்டுமே! வாங்கிய மருந்தைக் கவரில் போடவும் விடவில்லை. ஊர் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கடல் கண்ணாடியாகத் தெளிந்து கிடக்கிறது. அப்படித் தெளிவதே வருஷத்தில் கொஞ்ச நாள். அதில் போய் மட்டம் போடுகிறான்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்து உங்க வள்ளத்து இஞ்ஞாசி வந்தாரு. அவருக்கு நெசச் சளி. மூக்குக்குச் சொட்டு மருந்து குடுங்க, முங்கிருவேன்னாரு. கடலடியில இருக்கும்போது மருந்து வேகம் தீர்ந்து மூக்கு அடைச்சா காதுச் சவ்வு கிழிஞ்சிரும், மாத்திரை போட்டா தூக்கம் அமுக்கும், ஒரு வாரம் தண்ணில இறங்காதீங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். 'இறங்கலன்னா என் எடத்துல வேற ஆள ஏத்திருவாவ, சீசன் முழுக்கக் கரையிலதான் கெடக்கணும்'னு கண்ணு கலங்கிப் போறாரு. சீக்காளி அப்படித் துடிக்காரு. கல்லுக்குண்டாட்டம் இருக்க நீங்க நடிக்கிய!"

கயித்தான் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அதுக்குத்தான்க்கா. ஒருத்தனுக்குச் சளின்னா வேற ஆள் ஏறுவான். வள்ளத்துக்கே சளின்னா யாரு ஏறுவா? வள்ளம் கரையில கெடக்கும். இஞ்ஞாசிக்கு மூக்கு தெறக்குற வரைக்கும் எங்க எல்லாருக்கும் சளிதான்."

ஜெபசுதா இருமல் மருந்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். தெளிந்த கடலையும் பிழைப்பையும் அத்தனை பேரும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், ஒருத்தன் காதுக்காக! ஞாயிறு பள்ளியில் சகோதர அன்பைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்திருப்பாள். அது இருமிக்கொண்டு கடைக்கு வரும் என்று யார் கண்டது? அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வாசலில் புல்லட் வந்து நின்றது. வள்ளத்தின் சொந்தக்காரர் மச்சாது சம்மாட்டி. ஊரறிந்த முன்கோபி. கயித்தான் அவசரமாக இருமினான்.

"ஏலே, ஒனக்குமா?" என்று உறுமியவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவனுக்கு நெசமாவே சளியா?"

விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாத நாசரேத்துக் குடும்பம் அவளுடையது.

"ஆமா அண்ணாச்சி. ஒட்டுவாரொட்டி. ஒரு வாரம் ஒருத்தரும் தண்ணில இறங்கக்கூடாது" என்றாள்.

கயித்தான் மருந்தைத் தூக்கிப் பிடித்தபடி நழுவினான். அவன் தெருமுனை திரும்பும்வரை சம்மாட்டி அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ஞாசி சளி ஒரு வாரத்துல சரியாயிருமாம்மா?" என்றார் மெதுவாக.

அவள் திகைத்துப்போனாள். "சரியாயிரும், அண்ணாச்சி."

"அப்பம் சரி. ஆள் கொறஞ்சா வேற ஆளப் போடுன்னு நிப்பான், முன்பணம் குடுத்த சங்கு ஏவாரி. வள்ளத்துக்கே சீக்குன்னாதான் வாய மூடுவான். சாயங்காலம் இங்கன விசாரிக்க வாரான். என்கிட்ட சொன்னதையே அவன்கிட்டயும் சொல்லிரு."

புல்லட்டில் ஏறி உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்குள்ள அந்தப் பயலுவளுக்கு ஒழுங்கா இருமச் சொல்லிக்குடும்மா. காலையில என் முன்னால நின்னு இருமுனானுவ. சிரிப்ப அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"