விபூதி கொட்டிய படம்

முருகன் படத்துக்குச் சட்டம் போட வந்த சாமியார், முதல் காரியமாகக் கடைக் கதவைச் சாத்தினார்.

தணிகைவேல் நிமிர்ந்து பார்த்தான். காவி வேட்டி, ருத்திராட்சம், மார்பு வரை தாடி. தாடிக்குள் இருந்த முகம் மட்டும் பழகியது.

"இன்னாபா காசி, நீயா? ஜோலார்பேட்டை டேசன்ல பல்பொடி வித்துக்கினு இருந்தியே?"

"இப்ப காசிநாத சாமிகள்" என்றார் சாமியார். "பல்பொடியில பேஜார் ஜாஸ்தி, வரும்படி கம்மி. பின்தெருவுல மடம் போட்டிருக்கேன். ஒரு வேலை இருக்குது. அதுக்கு உன்ன மாதிரி கைகாரன்தான் வேணும்."

ஆம்பூர் கடைத்தெருவில் தணிகைவேலை மிஞ்சிச் சட்டம் போட ஆளில்லை. படத்தின்மேல் அட்டை வைத்து, அட்டையில் வெட்டிய ஜன்னலின் உள்விளிம்பில் தங்க ரேக் ஒட்டிய மெல்லிய மரப்பட்டையைப் பொருத்துவான். நாலு மூலையும் மயிரிழை பிசகாமல் கூடும். சந்தையில் வாங்கிய படம்கூட அரண்மனைச் சரக்காகிவிடும்.

சாமியாருக்கு வேண்டியதும் அந்தப் பட்டைதான். ஆனால் கொஞ்சம் தடிமனாக.

"மேல்பட்டையோட முதுகுல, அட்டைக்குப் பின்னால, வெளியில தெரியாம ஒரு இடம் கிடைக்கும் பாரு. அதுல விபூதிய வெச்சு மூடிடு. ஒரு நூலைக் கட்டி என் ஆசனம் வரைக்கும் வுட்ரு. நான் கால் கட்டைவிரலால சுண்டுவேன். விபூதி முருகன் மேல கொட்டி, அடிச்சட்டத்து சந்து வழியா தட்டுல வுழணும்."

"மாட்டிக்கினா?"

"ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம். மாட்டலைன்னா காணிக்கையில கால் பங்கு உனக்கு."

பொய் சொல்வானேன், தணிகைவேல் அதிக நேரம் யோசிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகையன்று முதல் தடவை கொட்டியது. அடுத்த வாரம் குடியாத்தத்துத் தறிக்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் கணியம்பாடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கங்கம்மாள் என்பவள் முழங்கால் வலி போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஓடிப்போன புருஷன் திரும்பி வந்தான். முழங்கால் வலி அப்படியே இருந்தாலும், சாமிகளின் புகழ் அணைக்கட்டு ஊர் வரை போய்விட்டது.

தணிகைவேலுக்குப் பங்கு தவறாமல் வந்தது. ஒன்றுதான் உறுத்தியது. படத்தின் முதுகில் பலகை வைத்து ஆணி அடித்திருந்தான். விபூதி தீர்ந்தால் திறந்து நிரப்ப அவனிடம்தான் வந்தாகவேண்டும். இரண்டு மாதமாகியும் சாமியார் வரவே இல்லை.

வந்தவர் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணராஜ்.

"மடத்துப் படம் உன் கைவேலையாமே" என்றார் இன்ஸ்பெக்டர், வாசலில் நின்றபடியே. "உளி, குறடு எல்லாம் எடுத்துக்கினு வா. ஜனங்க எதிர்ல பிரிச்சுக் காட்டு. உள்ள விபூதிப் பொட்டலம் இருந்திச்சுன்னா உனக்கும் சேர்த்து விலங்கு எடுத்தாந்திருக்கேன்."

பின்தெரு வரை நடந்தது தணிகைவேலுக்கு நினைவில்லை. மடம் நிறைய ஜனம். சாமியார் ஆசனத்திலிருந்து எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. தணிகைவேல் அவர் காலில் விழுகிற சாக்கில் கிசுகிசுத்தான்.

"காசி, உள்ள எவ்ளோ இருக்குது?"

ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி சாமியார் குனிந்தார். "ஒண்ணுமே இல்லடா. நீ வெச்சது ஒரு மாசத்துலயே தீந்துபோச்சு. நூலையும் உருவிப் போட்டுட்டேன்."

"அப்ப தினமும் கொட்டுறது?"

"அது பாட்டுக்குக் கொட்டுது." அவர் படத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். "நான் மூணு வாரமா நெசமாவே விரதம் இருக்கேன். எனக்குப் பயமா இருக்குடா."

இன்ஸ்பெக்டர் கனைத்தார். தணிகைவேல் படத்தை இறக்கிக் கவிழ்த்து, ஆணிகளைப் பிடுங்கினான். முதுகுப் பலகை வந்தது. படம் வந்தது. பட்டையும் அட்டையும் கண்ணாடியோடு நின்றன.

இன்ஸ்பெக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து மூலை மூலையாக விரலை விட்டுத் துழாவினார். பொட்டலம் இல்லை. நூல் இல்லை. சட்டத்தை நிமிர்த்தி உதறிப் பார்த்தார். எங்கிருந்தோ வெளிர் மஞ்சளாக, சந்தனம் கலந்ததுபோல் ஒரு சிட்டிகை அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

ஜனங்கள் எக்கிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். பூட்ஸை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு சாமியாரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சாமியார் அதற்கு முன்பே முருகன் படத்தின் முன்னால் விழுந்து அழுதுகொண்டிருந்தார். ஜனங்கள் தட்டுக்குப் பாய்ந்தார்கள்.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்யா" என்று எழுந்துவந்த இன்ஸ்பெக்டர், மிச்சத்தைத் தணிகைவேலின் நெற்றியில் பூச விரலை நீட்டினார். "புண்ணியம் செஞ்ச கை உன்னுது. குனி."

தணிகைவேல் குனிந்தான். மறுபடி பொருத்துவதற்காகக் கழற்றியிருந்த மேல்பட்டை அவன் கையில் திரும்பியிருந்தது.

பர்மா தேக்கு என்று விலை வாங்கிக்கொண்டு, தோல் மண்டிக்காரர்கள் தூக்கிப்போட்ட பலகையில் அவன் சீவியிருந்த அந்தப் பட்டையின் முதுகு முழுக்க ஊசித்துளைகள். அவற்றில் ஒன்றிலிருந்து ஒரு வண்டு தலையை நீட்டி, ஊர் நெற்றிக்கு இன்னும் ஒரு சிட்டிகைத் தூளைத் தள்ளிவிட்டு, வேலையைப் பார்க்க உள்ளே போனது.