ஐந்து மணிக்குள்

ஐந்து மணிக்குள் ஹஸீபா பணம் கட்டிவிடக் கூடாது. மாங்குஸ்தான் பழங்களைத் தராசில் வைத்துக்கொண்டே காளீஸ்வரி அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தாள். மணி நாலேகால்.

ஐந்தருவிக்குப் போகிற பாதையில் அவள் அப்பா சங்கரபாண்டியின் சீசன் பழக்கடை. அவர் செங்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். ஈரத்துண்டும் எண்ணெய் வாசமுமாக ஜனங்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். அத்தனை கூட்டத்திலும் விலை சொல்வதற்கு மட்டும்தான் அவள் வாய் திறந்தாள்.

சென்னைக் கல்லூரி ஒன்றில் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து உதவித்தொகை. தென்காசி மாவட்டத்துக்கு ஒரே ஓர் இடம். அது ஹஸீபாவுக்குக் கிடைத்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் காளீஸ்வரி. சேருவதை உறுதி செய்ய ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். இன்று மாலை ஐந்து மணி கடைசி.

ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. இரண்டு விண்ணப்பங்களையும் ஹஸீபாவின் போனில்தான் நிரப்பினார்கள். அப்போது காளீஸ்வரியிடம் சொந்தமாகப் போன் கிடையாது. மெயில், பாஸ்வேர்டு எல்லாம் ஹஸீபா போட்டுக் கொடுத்ததுதான்; அவை இன்னும் அவள் போனில்தான் இருந்தன.

பட்டியல் வந்த அன்று காளீஸ்வரி ‘வாழ்த்துகள்’ என்று ஒற்றை வார்த்தை அனுப்பினாள். அதற்கப்புறம் பன்னிரண்டு நாளாக ஹஸீபா கூப்பிட்டால் எடுப்பதில்லை. பொறாமையா, வெட்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. பேச வேறு ஆளும் இல்லை.

நாலரைக்கு மறுபடி ஹஸீபாவின் பெயர் போனில் வந்தது. இன்றைக்கு மட்டும் காளீஸ்வரியால் எடுக்காமலிருக்க முடியவில்லை.

“ஏட்டி காளி... எங்கிட்ட ரெண்டாயிரந்தான் இருக்கு... மூவாயிரம் கொறையுது...”

“என்னட்டி? ஒண்ணும் கேக்கல!” அருவி இரைச்சலிலும் வேன் ஹாரனிலும் பாதிப் பேச்சு முங்கிப்போனது.

“...வாப்பா வெளியூர்ல... அஞ்சு மணிக்குள்ள கட்டலன்னா சீட்டு போயிரும்ட்டி... ஜிபேல...”

அதோடு கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டாள், போகவில்லை. சீசன் கூட்டத்தில் டவர் திணறுவது வழக்கம்தான்.

காளீஸ்வரி போனைக் கையில் வைத்தபடி நின்றாள். வேண்டிக்கொண்டது இதைத்தானே? ஹஸீபாவால் கட்ட முடியவில்லை. இன்னும் அரைமணி நேரம் சும்மா இருந்தால் போதும், சென்னை இவளுக்கு.

அவள் கணக்கில் ஐயாயிரத்து நூறு ரூபாய் கிடந்தது. மூன்று சீசனாகக் கடையில் நின்றதற்கு அப்பா கொடுத்ததைச் சேர்த்து, இந்த முன்பணத்துக்காகவே ஒதுக்கி வைத்தது.

‘அருவிச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலட்டி’ என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். யார் இல்லையென்று சொல்லப்போகிறார்கள்?

“பாப்பா, ரம்புட்டான் கிலோ என்ன விலை?” என்று ஒருவர் இரண்டு தடவை கேட்டார். அவளுக்கு விலை மறந்துபோயிருந்தது.

மணி நாலு நாற்பத்தைந்து. “அக்கா, கடைய ஒரு நிமிசம் பாத்துக்கோங்க” என்று பக்கத்து டீக்கடையில் சொல்லிவிட்டுச் சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு ஓடினாள். ஜிபேயில் வட்டம் இரண்டு தடவை சுற்றிச் சுற்றி நின்றுபோனது. அத்தோடு திரும்பியிருக்கலாம். மூன்றாவது தடவையும் அமுக்கினாள். மூவாயிரம் போய்ச் சேர்ந்தது.

கடைக்குத் திரும்பி நடந்தாள். முகத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்ததால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தரைக்குப் பழக்கூடைகளோடு அப்பா வந்தார். “மணி ஆயிட்டே, ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?”

“நமக்கு இல்லப்பா.”

அவர் கூடைகளை இறக்கி வைத்தார். “சரி, தார்ப்பாய இழுத்து விடு. மழ வலுக்குது” என்றார்.

ஆறு மணிக்குத் தென்காசி பஸ்ஸில் வந்து இறங்கிய ஹஸீபா, நனைந்துகொண்டே நேராகக் கடைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது.

“எத்தன தடவ போன் போடுதேன், எடுக்க மாட்டியாட்டி? பன்னெண்டு நாளா நான் என்ன பாவம் பண்ணுனேன்?”

காளீஸ்வரி அவள் முகத்தைப் பார்க்காமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். “தலயத் தொடச்சிக்கோ. பணம் கட்டிட்டியா?”

“நாலு அம்பத்தெட்டுக்குக் கட்டுனேன். உயிரே போயிட்டு வந்துச்சி.”

“நல்லா படி” என்றாள் காளீஸ்வரி. “மெட்ராஸுக்கு என்னைக்குக் கெளம்புத?”

ஹஸீபா துடைப்பதை நிறுத்தினாள். “நான் எங்க கெளம்புதேன்? எனக்குத் திருநெல்வேலியிலயே லா கெடச்சிட்டு. மெட்ராஸ் வேண்டாம்னு காலைலயே எழுதிக் குடுத்தாச்சி. போன்ல அதத்தான மொதல்ல சொன்னேன்?”

“அப்போ... அந்தப் பணம்?”

“மத்தியானமே உன் மெயிலுக்கு வந்துட்டு, அதுக்கும் அஞ்சு மணிதான் கடைசி. உன் சீட்டுக்குட்டி, கோட்டிக்காரி!”