முகமூடியும் தாழ்ப்பாளும்

"வெளியில வாங்க! பழைய பேப்பர்காரர் காத்திருக்கார்!" மனைவி தட்டிய தட்டில் குளியலறைக் கதவென்ன, தெருவே ஆடியது.

உள்ளே நான். பனியனுக்குள், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சத்தியம் செய்து ஒளித்துவைத்த ஒரே காமிக்ஸ். சாதுவான குமாஸ்தாவாக நடமாடும் மாவீரனை வேற்றுக்கிரகப் படை வளைத்து, முகமூடியைக் கழற்றப் போகும் கட்டம். கடைசித் தாளைக் காணோம்!

ஜன்னலிலோ கம்பி. வேறு வழியில்லாமல் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

"பனியனுக்குள்ள என்ன?"

"தொப்பை."

"தொப்பைக்கு நாலு மூலையா? குடுங்க!"

உயிரையே உருவிக் கொடுப்பதுபோல் கொடுத்தேன். "பேப்பர்காரர் எங்கே?"

"யாரும் வரலை." இடுப்புச் செருகலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "வீடு கூட்டும்போது இந்தக் கடைசித் தாள் மட்டும்தான் கிடைச்சுது. முன்கதை தெரியாம மாசக்கணக்கா மண்டை வெடிக்குது. நகருங்க!"

உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

"அடியே, முகமூடி கழண்டுச்சா?" இப்போது தட்டுவது நான்.