வெள்ளிக்கிழமை வில்லி

வெள்ளிக்கிழமைதோறும் புதுப்படங்கள் வீட்டு டிவிக்கே வந்துவிடும். வில்லனுக்கு யார் முகத்தை வைக்கலாம் என்று மட்டும் டிவி கேட்கும்; ஒரு போட்டோவைக் கொடுத்தால் அந்த முகமே படம் முழுக்க நடிக்கும். மேனேஜர், மாமியார், மேல்வீட்டுக்காரன் என்று முகங்களைப் போட்டு ஊரே வஞ்சம் தீர்த்துக்கொண்டிருந்தது.

விவாகரத்தான சாருமதி அதையெல்லாம் கண்டுகொண்டதில்லை. அன்று, அப்பா வீட்டிலிருந்து திரும்பிய மகள் பொன்னிக்குத் தலைவாரச் சீப்போடு நெருங்கினாள். குழந்தை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒண்டியது.

"வேணாம்மா! படத்துல நீ அந்தப் பாப்பாவ முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி கிணத்துல தள்ளுனியே!"

"என் மூஞ்சிய யாருடி போட்டது?"

"அப்பாதான். வாராவாரம் நீதான் வில்லி."

சாருமதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாசமாய்ப் போகிறவன்! டிவியைப் போட்டாள். அந்த வாரம் வந்ததிலேயே கொடூரமான படத்தைத் தேடி எடுத்து, கல்யாண போட்டோவில் தன்னை வெட்டிவிட்டு அவன் முகத்தை வில்லனுக்குக் கொடுத்தாள்.

"வா, உக்காரு. உங்கப்பன் லட்சணத்தையும் பாரு."

பொன்னி திரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்பாவும் கெட்டவருன்னா, நான் யாருகிட்டம்மா ஓடுறது?"

சாருமதி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.