பலகையில் சிரிப்பவர்

கார் போகிற சாலையைச் சைக்கிளுக்குக் கொடு என்று மூன்று வருடம் கொடி பிடித்தவர் டீக்காரர் மாசிலாமணி. கேட்டது கிடைத்தது. திறப்பு விழாவன்று, தன் பழைய சைக்கிளின் கேரியரில் டீ கேனோடு சிரித்தவரைப் படமும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுவாரம் வேகத்தை அளந்து தானாகத் திறக்கும் சைக்கிள் பாதையின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. காவலாளி ஓடிவந்தான்.

"இருபது கிலோமீட்டர் வேகம் போவாத வண்டிக்குக் கதவு தொறக்காது, பெரியவரே."

"அந்த வேகத்துல மிதிச்சா கொதிக்கிற டீ என் முதுகுல கொட்டும், தம்பி. இருந்த ரோட்டையும் இதுக்கே எடுத்துட்டீங்க. நான் எப்படித்தான் போறது?"

"அதுக்கு நான் இன்னா பண்ண? தோ பாரு, அவர மாதிரி நல்ல சைக்கிளா வாங்கினு வா."

அவன் கைகாட்டிய விளம்பரப் பலகையில் மாசிலாமணிதான் சிரித்துக்கொண்டிருந்தார், பளபளக்கும் புதுச் சைக்கிளில். டீ கேனை அழித்திருந்தார்கள்.